குறைந்தபட்சக் கூலி ஏறினால் கைக்கு எவ்வளவு வரும்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனி வேன்களில் ஒரு பேச்சு அடிபடும்: "இந்த வருஷம் டிஏ எவ்வளவு ஏத்தியிருக்காங்களாம்?" முதலாளி மனசு வைத்துக் கொடுக்கும் இன்கிரிமென்ட் வேறு, இது வேறு. இது சட்டப்படி ஏறியே தீர வேண்டிய பணம். இருந்தாலும் அது ஏன் ஏறுகிறது, யார் ஏற்றுகிறார்கள், ஏறியது ஏன் சம்பளக் கவரில் தெரிவதில்லை என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பேச்சே எட்டுவதில்லை. குறைந்தபட்சக் கூலி உயர்வு என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரு வேலைக்கு இதற்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று அரசு நிர்ணயிக்கும் தொகைதான் குறைந்தபட்சக் கூலி. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கீழே போகக் கூடாது. ஆர்டர் இல்லை, தொழில் நஷ்டம் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. தொழிலாளியே "குறைச்சலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, வேலை இருந்தால் போதும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதை நேராகவே சொன்னது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகளில் இருந்த கூலியாட்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்புக்குச் சமம் என்றது. வயிற்றுப்பாடு ஒருவரைக் குறைந்த கூலிக்குத் தள்ளினால் அதுவும் கட்டாயம்தான் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.

1948-இல் சட்டம் வந்தபோது அதனுடன் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான் அரசு கூலி நிர்ணயிக்கும். தொடக்கத்தில் இருந்தவை பன்னிரண்டு தொழில்கள், அப்புறம் விவசாயம். அந்தப் பன்னிரண்டில் பீடி உண்டு, தோல் பதனிடுதலும் உண்டு. அதாவது வட ஆற்காட்டின் இரண்டு பெரிய பிழைப்புகளும் முதல் நாளிலிருந்தே பட்டியலில் இருக்கின்றன. அடிமாட்டுக் கூலி கொடுக்கும் தொழில்கள் எவை என்று அப்போதே டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது. (வட ஆற்காடு என்று இங்கே சொல்வது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றையும் சேர்த்துத்தான். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் தோலும் பீடியும் எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.)

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த இதில் பட்டியல் கிடையாது, எல்லாத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஐந்து ஆண்டுக்குள் ஒரு முறையாவது தொகையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விதி பழையதிலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது.

தொகையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது அது. ஒருவர் சம்பாத்தியத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சம்பாதிப்பவர் ஒரு பங்கு, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 0.6, மொத்தம் மூன்று பங்கு. ஒரு பங்குக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி. அரசுத் தொழிலாளர் குடியிருப்பில் வாங்கும் குறைந்தபட்ச அளவுக்கு வீட்டு வாடகை. விறகு, விளக்கு, மற்ற சில்லறைச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். 1991-இல் உச்ச நீதிமன்றம், சென்னையில் நடந்த ஒரு கம்பெனித் தகராறு பற்றிய வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், நல்லது கெட்டது, முதுமைக்கான சேமிப்பு ஆகியவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்க்கச் சொன்னது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாட்டி இதில் இல்லை. தாத்தா இல்லை. குடியாத்தத்தில் மூன்று தலைமுறை ஒரே ஓட்டு வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த மூன்று பங்கு எந்த மூலைக்கு? மனைவிக்கு 0.8 என்று போட்டவர்கள், அந்த மனைவிதான் காலையில் கம்பெனி வேன் ஏறிப் போய் இந்தக் கூலியை வாங்கி வருகிறார் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனை குறை இருந்தும் இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் வரும் தொகை, பெரும்பாலான அரசாணைகளில் இருப்பதை விடக் கூடுதலாகத்தான் வரும். அதனால்தான் தொழிற்சங்கங்கள் புதிதாக எதையும் கேட்காமல், "1957 கணக்கையே போடுங்கள்" என்று பல காலமாகச் சொல்லி வருகின்றன.

தொகையை அறிவிப்பது மாநில அரசு. முதலாளிகள் தரப்பும் தொழிலாளர்கள் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் குழு ஒன்று பேசி முடிவு சொல்லலாம். அல்லது அரசே ஒரு வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டு முடிவு செய்யலாம்.

அடிப்படை ஒன்று, டிஏ ஒன்று

அறிவித்த தொகையில் இரண்டு பாகம் இருக்கும்: அடிப்படைக் கூலி, அகவிலைப்படி. இரண்டாவதைத்தான் எல்லோரும் டிஏ என்கிறார்கள். தமிழ்நாட்டில் டிஏ சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. போன வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை அந்தக் குறியீடு சராசரியாக எத்தனை புள்ளி ஏறியதோ, அதற்கு ஏற்ப இந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் டிஏ ஏறும். வேன் பேச்சுக்குக் காரணம் இதுதான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. டிஏ ஏறுவது உண்மையில் கூலி உயர்வு ஆகாது. விலைவாசி ஏறியதற்கு ஈடு, அவ்வளவே. அதுவும் தாமதமாக வரும் ஈடு. இந்த ஜனவரியில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் வெங்காய விலை எகிறினால், அது கூலியில் ஏறுவது அடுத்த வருஷம் ஏப்ரலில். அதுவரை வித்தியாசத்தைத் தொழிலாளிதான் தாங்க வேண்டும். அளக்கப்படுவதும் சென்னையின் விலை, வேலூரின் விலை இல்லை. உண்மையான உயர்வு என்பது அடிப்படைக் கூலியை அரசு திருத்தும்போது வருவது. ஐந்து வருஷத்துக்குள் வர வேண்டியது அது. "ஒவ்வொரு வருஷமும்தான் ஏத்துறோமே" என்று கம்பெனி சொன்னால், ஏற்றியது எந்தப் பாகத்தில் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சரி, மாதத் தொகை தெரிந்துவிட்டது. நாள் கூலி எவ்வளவு? இந்த இடத்தில்தான் நிறையப் பணம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. மாதக் கூலியை 26-ஆல் வகுக்க வேண்டும். வார விடுமுறைக்கான கூலியும் மாதத் தொகைக்குள் அடங்கியிருப்பதால் இந்தக் கணக்கு. ஒரு எடுத்துக்காட்டுக்கு அடிப்படை 6,000, டிஏ 7,000, ஆக மொத்தம் மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. ஒரு மேஸ்திரியோ சூப்பர்வைசரோ 30-ஆல் வகுத்து, வேலை செய்த நாளுக்கு மட்டும் கொடுத்தால் நாளுக்கு 433. ஒருவர் 26 நாளும் வேலைக்குப் போயிருந்தால் மாதத்துக்கு 1,700 ரூபாய்க்கு மேல் போச்சு. அரசாணையில் இருக்கும் எண்ணை யாரும் மீறவில்லை, வகுத்த எண்தான் மாறியிருக்கிறது.

இன்னும் ஒன்று. பிஎஃப், இஎஸ்ஐ-க்குத் தொழிலாளி பங்கைச் சம்பளத்தில் பிடிக்கலாம், பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ 0.75 சதவீதம். முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் தொழிலாளியின் கூலிக் கணக்கில் சேர்த்துக் காட்டி "குறைந்தபட்சக் கூலி கொடுத்துவிட்டோம்" என்று சொல்லக் கூடாது. வேனுக்கு ஆகும் செலவை எழுதிக் காட்டுவதும் அதே ரகம்தான். பயணப்படி குறைந்தபட்சக் கூலியில் சேராது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. ஏற்றுமதி ஆர்டரை முடிக்க வேண்டிய வாரத்தில் ராத்திரி எட்டு மணி வரை லைனில் நிற்க வைத்துவிட்டு டீயும் பன்னும் கொடுத்து அனுப்புவது ஓவர்டைம் ஆகாது.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு

கம்பெனியில் கார்டு பஞ்ச் செய்து வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்காவது உண்டு. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நாள் என்பதே அளவு கிடையாது, எண்ணிக்கைதான் அளவு. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர் சுற்றுவட்டத்தில் ஷூ அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைக்கும் பெண்கள் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு, ஆயிரத்துக்கு இவ்வளவு.

பீடியை எடுத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர் இலையும் தூளும் நூலும் எடை போட்டுக் கொடுப்பார். இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தூளைப் போட்டுச் சுற்றி, முனையை மடித்து, நூல் கட்டுவார்கள். வெட்டவே பாதி நாள் ஓடிவிடும். வெட்டுவதற்குத் தனிக் கூலி கிடையாது. மகளோ மாமியாரோ கூட உட்கார்ந்தால் எண்ணிக்கை ஏறும், ஆனால் கான்ட்ராக்டர் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் பெயர் ஒன்றுதான். அரசு இந்த வேலைக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆயிரத்துக்கு 300 ரூபாய். ஒரு அம்மா ஒரு நாளில் 700 பீடி சுற்றுகிறார். கணக்குப்படி 210 ரூபாய் வர வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது 50 பீடி சரியில்லை என்று கழிக்கிறார்கள். மிச்சம் 650-க்கு 195 ரூபாய். கொடுத்த இலை 700-க்குப் போதவில்லை, ஓட்டையும் கிழிசலுமாக இருந்தது, கடையில் 25 ரூபாய்க்கு இலை வாங்கிச் சேர்த்திருக்கிறார். கையில் நிற்பது 170.

அரசு ஆயிரத்துக்கு 330 என்று உயர்த்துகிறது. பத்து சதவீத உயர்வு, பேப்பரில் செய்தி வருகிறது. கான்ட்ராக்டர் என்ன செய்கிறார்? கூலியை ஒழுங்காக 330 போடுகிறார். கழிவை மட்டும் 50-லிருந்து 100 ஆக்குகிறார். இலை எடையில் இன்னும் கொஞ்சம் குறைக்கிறார், கடையில் வாங்க வேண்டிய இலை 40 ரூபாய்க்கு ஏறுகிறது. 600 பீடிக்கு 198 ரூபாய், அதில் 40 போனால் 158. கூலி உயர்ந்த பிறகு கைக்கு வருவது பழைய 170-ஐ விடக் குறைச்சல்! சட்டப்படியான கூலி விகிதத்தில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. கழித்த பீடியைத் திருப்பிக் கொடுக்காமல் அவர்களே வைத்துக்கொள்வதும் இந்தத் தொழிலில் வெகுகாலப் புகார்.

என்னைக் கேட்டால் பீடிக்குக் கூலி உயர்வு கேட்பவர்கள் முதலில் பேச வேண்டியது இலை எடையையும் கழிவு வரம்பையும்தான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இலை வழங்குவதையும் கழிப்பதையும் பற்றிப் பேசியது, இஷ்டப்படி கழிக்க முடியாது என்பதுதான் அதன் நோக்கமாக இருந்தது. எடை போடும் இடத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. அங்கே தராசு சரியில்லை என்றால் கோட்டையில் உட்கார்ந்து எத்தனை ரூபாய் உயர்த்தி என்ன?

வேலை போய்விடாதா?

கூலி உயர்வு என்றதும் முதலாளிகள் தரப்பிலிருந்து வரும் முதல் கேள்வி இது. பொருளாதாரப் பாடப் புத்தகத்திலும் இதே பதில்தான் பல காலம் இருந்தது: விலை ஏறினால் வாங்குவது குறையும், கூலி ஏறினால் ஆள் எடுப்பது குறையும். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பேர் இரு பக்கத்து பர்கர் கடைகளிலும் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆள் கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். கூலி ஏறிய பக்கம் வேலை குறையவில்லை. 1994-இல் வெளியான இந்த ஆய்வு பெரிய சண்டையைக் கிளப்பியது, மறுத்து எழுதியவர்களும் உண்டு. 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் குறையவில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று நம் ஊருக்கும் பொருந்தும். ஒரு சுற்றுவட்டாரத்தில் ஆள் எடுப்பது இரண்டு மூன்று கம்பெனிகள்தான் என்றால், கூலியை முடிவு செய்வது சந்தை இல்லை, அந்த இரண்டு மூன்று பேர்தான். ஒரு கிராமத்துக்கு ஒரு கம்பெனியின் வேன் மட்டும் வருகிறது, ராத்திரி பஸ் கிடையாது, வீட்டில் தூரத்து வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கம்பெனி கொடுப்பதுதான் கூலி. அங்கே சட்டம் வந்து கூலியை உயர்த்தினால் கம்பெனியின் லாபம் கொஞ்சம் குறையுமே தவிர, ஆளை நிறுத்த வேண்டிய அவசியம் உடனே வராது.

அதற்காக வேலை எந்தக் காலத்திலும் போகாது என்று சொல்வது பொய். பீடியிலேயே உதாரணம் இருக்கிறது. 1966 சட்டத்தைக் கேரளா அமல்படுத்தத் தொடங்கியபோது, 1968-இல் மங்களூரைச் சேர்ந்த பெரிய பீடி முதலாளிகள் கண்ணூர் வட்டாரத்தில் தொழிலை மூடிவிட்டு வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் 1969-இல் தொடங்கியதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு. பீடிக்குப் பெரிய மெஷின் வேண்டாம், இலையையும் தூளையும் எங்கே கொண்டுபோனாலும் சுற்ற ஒரு பெண் கிடைப்பார். ஒரு மாநிலம் உயர்த்தி இன்னொரு மாநிலம் உயர்த்தாமல் இருந்தால் வேலை நகரும்.

இதைத் தடுக்கத்தான் நாடு முழுவதுக்கும் ஒரே அடித்தளக் கூலி வேண்டும் என்ற யோசனை. 1996-இல் ஒன்றிய அரசு நாளுக்கு 35 ரூபாய் என்று தொடங்கி, அவ்வப்போது உயர்த்தி, 2017-இல் 176 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஆனால் அது வெறும் யோசனைத் தொகைதான், மாநிலங்கள் கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை. 2019 சட்டத் தொகுப்பில்தான் அடித்தளக் கூலிக்குச் சட்ட பலம் வருகிறது: எந்த மாநிலமும் அதற்குக் கீழே நிர்ணயிக்க முடியாது, ஏற்கெனவே கூடுதலாகக் கொடுப்பவர்கள் குறைக்கவும் முடியாது. அந்தத் தொகை கௌரவமாக இருக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 176 மாதிரி ஒரு தொகையை வைத்தால் பீடி கான்ட்ராக்டருக்கு மேப்பில் இடம் தேடுவது இன்னும் சுலபம்.

ஷூவும் தோலும் அவ்வளவு எளிதாக நகராது. தோல் பதனிடும் டேனரிக்குக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலை வேண்டும், கைதேர்ந்த ஆள் வேண்டும். 1996-இல் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்தபோதும் "தொழிலே போச்சு" என்றார்கள். செலவு ஏறியது, சிறியவர்கள் சிலர் தாங்கவில்லை, தொழில் இங்கேயேதான் இருக்கிறது. ஆர்டரைக் குலைக்கப் பெரிய காரணங்கள் வேறு உண்டு. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூரும் ராணிப்பேட்டையும் கலங்கியது தொழிலாளியின் டிஏ ஏறியதால் இல்லை.

உயர்வில் ஒரு சங்கடம் நிஜமாகவே உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. குறைந்தபட்சம் ஏறும்போது நேற்று சேர்ந்த பெண்ணும் பதினைந்து வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவரும் ஏறக்குறைய ஒரே சம்பளத்துக்கு வந்து நிற்பார்கள். பல கம்பெனிகளில் குறைந்தபட்சக் கூலியே அதிகபட்சக் கூலியாகவும் ஆகிவிட்டதால் வரும் வினை இது. அனுபவத்துக்கான கூலியைச் சட்டம் வாங்கித் தராது, சங்கம் வைத்துப் பேசித்தான் வாங்க வேண்டும்.

கிராமத்துக் கூலிக்கு நூறு நாள் வேலையும் ஒரு அளவுகோலாக இருந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதன் நாள் கூலி 2024-25-இல் 319 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வேலையை அளந்து போடுவதால் முழுத் தொகை எல்லோருக்கும் வந்ததில்லை. இருந்தாலும் களை எடுக்க 200 ரூபாய்க்கு ஆள் கூப்பிட்டால் "ஏரி வேலைக்கே போறோம்" என்று சொல்லும் தைரியம் பெண்களுக்கு அதனால் வந்தது. நிலம் வைத்திருப்பவர்கள் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பியதில் பாதி இந்தக் கோபம்தான்.

குறைத்துக் கொடுத்தால்?

தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். சங்கம் மூலமாகவும் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது, புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு வரை அவகாசம். குறைந்த தொகையோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க இடம் இருக்கிறது. கூலி கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியின் தலையில் என்பது புதிய தொகுப்பில் உள்ள நல்ல விஷயம்.

ஆனாலும் நம் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும். கம்பெனியில் என்றால் சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், இஎஸ்ஐ எண். பீடி என்றால் கான்ட்ராக்டர் கணக்கு எழுதும் பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதை எந்தக் காரணத்துக்காகவும் கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டு வர வேண்டாம். கொடுத்த இலையின் எடை, கழித்த பீடியின் எண்ணிக்கை, கடையில் வாங்கிய இலைக்கான காசு, மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தால் போதும். எழுதத் தெரியாத அம்மாவுக்கு ஸ்கூல் போகும் பிள்ளை எழுதித் தரும்.